கால் சுத்து

கயிறு அவள் கையில் இருந்தது. மறுமுனையில், கப்பலுக்கு அடியில் பதினைந்து மீட்டர் ஆழத்தில், அவள் கணவன் தண்ணீர் உறிஞ்சும் துவாரத்தின் வலையில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவனுடைய மூச்சுக் கருவியைக் கழுவி, ரப்பர் வளையம் மாற்றி, சிலிண்டரில் பூட்டித் தருவது அவள் வேலை. படகு ஓட்டுவது அவள் அண்ணன் வேலை. பேசுவதும் அவன் வேலைதான், சம்பளமில்லாமல்.

“இன்னைக்கு நான் இல்லேன்னா மாப்பிள்ளை கதை கந்தல்” என்றான் அண்ணன்.

“ஏன், என்ன கிழிச்சே?”

“சிலிண்டர் வால்வைத் திறக்காமலே போன் பேசப் போயிட்டே. நான்தான் திறந்தேன்.”

“நான் திறந்துதானே வச்சிருந்தேன்?”

“அப்ப எப்படி அத்தனை சுத்து சுத்துச்சு? இறுகுற வரைக்கும் திருப்பினேன். அப்புறம் உன் மந்திரம், முழுசா திறந்ததும் கால் சுத்து பின்னாடி. கால் சுத்து, கை சுத்துன்னு தினம் ஓதுறியே, காதுல விழாதா?”

 ஏற்கெனவே திறந்திருந்த வால்வு அத்தனை சுற்று சுற்றுவதென்றால் ஒரே பக்கம்தான் சுற்றும்.

“அண்ணே, நீ மூடிட்டே.”

“மூடினா காத்து எப்படி வரும்? மாப்பிள்ளை காத்து அளவு காட்டுற முள்ளைப் பாத்தாரு, இருநூறு. வாயில வச்சு இழுத்தாரு, குதிச்சாரு.”

“கால் சுத்துதான் திறந்திருக்கு. இங்க சும்மா இழுத்தா வரும். கீழ கை வலிக்கச் சுரண்டுறவருக்கு எப்படிப் பத்தும்?”

கயிற்றை நான்கு முறை இழுத்தாள். நான்கு என்றால் மேலே வா.

இரண்டு இழுப்பு திரும்பி வந்தது.

“என்ன சொல்றாரு?”

“இருங்கிறாரு. வேலை முடியலையாம்.”

“அவரே இருங்கிறப்போ...”

“வாயை மூடு!”

மறுபடி நான்கு. பதில் இல்லை. பிறகு கயிறு எண்ணிக்கையில்லாமல் வெட்டி வெட்டி இழுத்தது.

“தூக்கு!”

இருவரும் இழுத்தார்கள். இரண்டு முழம் வந்து, விறைத்து நின்றுவிட்டது. அண்ணன் காலை உதைத்துக்கொண்டு இன்னும் பலமாக இழுத்தான்.

“விடு! வலையில மாட்டியிருக்கு. தளர்த்து!”

“தளர்த்தவா? ஆளு கீழ...”

“தளர்த்துங்கிறேன்ல!”

இழு இழு என்று உடம்பெல்லாம் கதற, அவள் கயிற்றை விட்டுக் கொடுத்தாள். ஒரு முழம். இன்னொரு முழம். சிக்கல் சட்டென்று விடுபட்டது. அதன் பிறகு இழுத்த இழுப்பில் உள்ளங்கை கிழிந்ததை அவளே பார்க்கவில்லை.

தலை வெளியே வந்தது. முகம் நீலம் பாரித்திருந்தது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினான்.

“வர்ற வழியில மூச்சை அடக்காம வெளிய விட்டீங்களா? நுரையீரலுக்கு ஒண்ணும் ஆகலையே?”

“விட்டேன்டி... இருந்ததே ஒரு வாய்தான். கல்லை உறிஞ்சுற மாதிரி இருந்துச்சு. முள்ளைப் பாத்தா நூத்தி எண்பது!”

அவனைத் தூக்கிப் போட்டதும் அவள் கருவியை வாயில் வைத்து பலமாக இழுத்தாள். முள் தடாலென்று சரிந்தது. விட்டதும் ஒன்றும் அறியாததுபோல் நகர்ந்து நகர்ந்து நூற்று எண்பதுக்கே வந்தது. இழுக்கும்போது முள்ளைப் பார்க்க வேண்டும் என்று அவள் யாருக்கும் சொன்னதே இல்லை.

“யாரு கை வச்சது?” என்றான் கணவன்.

அண்ணன் குனிந்து கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தான்.

“அவன் கை, என் வாய்” என்றாள். “இனிமே இந்தப் படகுல கால் சுத்து கிடையாது. முழுசா திற, இல்ல முழுசா மூடு.”

“இன்னும் பாதி வலை பாக்கி இருக்கு...” என்றான் கணவன்.

“கப்பல் நிக்கட்டும்.”

கருவியைச் சிலிண்டரிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.