பாளையங்கோட்டை வரை போகாத சுரங்கம்

கஸ்பாருக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பட்டம் 'வல்லுநர்'. அதுவும் அவன் வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த நோட்டீஸில் கிடைத்தது.

"உள்ளூர் வல்லுநர் திரு. கஸ்பார் அவர்களின் கூற்றுப்படி, மேற்படி தெருவின் அடியில் பழங்காலச் சுரங்கம் செல்வதால், பதினோரு வீடுகளும் உறுதியற்றவை எனக் கருதப்படுகின்றன. பதினைந்து நாட்களுக்குள் காலி செய்க."

தெருவே அவனைத் திரும்பிப் பார்த்தது. கஸ்பார் வானத்தைப் பார்த்தான்.

கூற்று அவனுடையதுதான். கடலில் மூழ்கிச் சங்கு குளித்துக் காது போன பிறகு, டச்சுக்காரர்கள் கட்டிய பழைய சரக்குக் கிட்டங்கியின் பின்னால் இருந்த சுரங்கப் படியை வெளியூர்க்காரர்களுக்குக் காட்டுவதுதான் அவன் தொழில். இருபது படி இறக்கி, டார்ச்சை அடித்து, "இது நேரா பாளையங்கோட்டை வரை போகுது சார். குதிரைப்படையே இதுக்குள்ள போயிருக்கு" என்பான். கேட்பவர் முகத்தைப் பொறுத்துக் குதிரை சில நாள் யானையாகும். ஒருநாள் கண்ணாடி போட்ட பேராசிரியர் ஒருவர் வந்தார். அவர் முகத்துக்கு யானையே போதவில்லை. தெரு முழுக்க அடியில் பொந்துதான் என்று சேர்த்துச் சொன்னான். மனிதர் அதை அப்படியே, 'உள்ளூர் வல்லுநர்' சொன்னதாகக் கட்டுரையாக எழுதிவிட்டார்.

உண்மையில் இருபதாம் படிக்கு அப்பால் கஸ்பார் போனதே இல்லை. எட்டுப் பாகம், அதாவது எட்டு ஆள் ஆழத்தில் சுறாவை முகத்துக்கு முகம் பார்த்தவன்தான். வவ்வால் மட்டும் அவனுக்கு ஆகாது.

நோட்டீஸின் கடைசி வரியை அவன் மனைவி கித்தேரிதான் எழுத்துக் கூட்டிப் படித்தாள். காலியாகும் இடம், புதுத் துறைமுகத்துக்குப் போகும் லாரிகளை நிறுத்தப் பயன்படுத்தப்படும் என்று இருந்தது.

"ஆளு குடியிருந்தா இடிஞ்சு விழுமாம். லாரி நின்னா விழாதாம்," என்றாள். "இது என்ன கணக்கு?"

"மேல பேச முடியாதுளா. எமர்ஜென்சி."

"நீரு சும்மா கெடந்திருந்தா எமர்ஜென்சி நம்ம தெருவுக்கு வந்திருக்காது. அளந்து விட்டது நீரு. இப்பம் உள்ள போய் நெசமாவே அளந்துட்டு வாரும்."

போகலாம். ஆனால் கயிறு யார் பிடிப்பது? சங்கு குளிக்கிறவன் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும் என்பது கடற்கரை வழக்கம். அக்காள் தாலியை நினைத்தாவது கையைத் தளர விடமாட்டான். கஸ்பாருக்கு இருந்த ஒரே மச்சினன் ரெய்மண்டு, அவனோடு பேசி இரண்டு வருஷம் ஆகிறது. ரெய்மண்டு பிள்ளையின் ஞானஸ்நான விருந்தில், "பிள்ளைக்குத் தகப்பனைவிட முடி அதிகம்" என்று கஸ்பார் எழுந்து நின்று சொன்னதுதான் காரணம்.

கித்தேரி கூப்பிட்டதும் ரெய்மண்டு வந்தான். கயிற்றை எடுத்தான். அக்காளைப் பார்த்துப் பேசினான்.

"ஒரு தடவை இழுத்தா கயிறு விடுவேன். ரெண்டு தடவை இழுத்தா தூக்கிருவேன். சொல்லிரு அவர்ட்ட."

"கேட்டுச்சு," என்றான் கஸ்பார்.

"காது கேக்காதுன்னு சொன்னாவ. நல்லாத்தான் கேக்குது போல."

இருபத்தோராம் படியில் வவ்வால்கள் கிளம்பின. கஸ்பார் தெரிந்த மாதா மன்றாட்டு முழுவதையும் சொல்லிவிட்டு, தெரியாததையும் சொன்னான். கால்கள் திரும்பப் பார்த்தன. பதினோரு வீடும் தலைக்கு மேலே இருக்கிற நினைப்பில் அவற்றை முன்னால் தள்ளினான். ஆள் குனியாமல் நடக்கும் உயரம். இரண்டு பக்கமும் கடலில் வெட்டியெடுத்த முருகைக்கல், மேலே வில்லாக வளைத்த கூரை. கையால் தடவினான். சுண்ணாம்பு பாறைபோல் இறுகியிருந்தது, ஒரு விரிசல் இல்லை. கடைசியில் ஒரு சுவர் வழியை அடைத்தது. பாளையங்கோட்டையைக் காணோம்.

வெளியே வந்தவனைக் கவனிக்காமல், ரெய்மண்டு உள்ளே போன கயிற்றைத்தான் இரண்டு கையையும் அகல விரித்து, ஒரு விரிப்புக்கு ஒரு பாகம் என்று அளந்தான். இருபத்திரண்டு பாகம். அதே கயிற்றைத் தெருவின் மேல் நீளவாக்கில் போட்டார்கள். அது பதினோரு வீட்டையும் கடந்து, உப்பு லாரிகள் தினமும் டீக்கு நிற்கிற இடத்தில் முடிந்தது.

இத்தனை வருஷமும் உப்புப் பாரத்தோடு லாரிகள் நின்றது சுரங்கத்தின் தலைமேல்.

"மச்சான்," என்றான் ரெய்மண்டு, நேராகவே. "உப்பு லாரிக்கார வன்னியபெருமாள் அண்ணாச்சிட்ட சொல்லி வைப்பமா?"

பதினைந்தாம் நாள் காலையில் என்ஜினியர் கிருபாநிதி ஜீப்பில் வந்தார். பக்கத்து ஊரான நாசரேத்துக்காரர், மரியாதையான மனுஷன். கூட இரண்டு போலீஸ்காரர்கள். ஒரு வீட்டிலிருந்தும் சட்டிபானை வெளியே வரவில்லை. தெரு நடுவில் வன்னியபெருமாளின் லாரி, உப்பு மூட்டை நிறைய ஏற்றிக்கொண்டு நின்றது.

"சார், நீங்க சுரங்கத்த பாத்திருக்கியளா?" என்று கேட்டான் கஸ்பார்.

"ரெக்கார்டுல இருக்குங்க."

"ரெக்கார்டுல இருக்கது நான் விட்ட பொய். பாதிதான் நெசம். சுரங்கம் இருக்கு. இந்தத் தெருவுக்கு அடியிலதான் போகுது. நானும் வீட்டுக்காரியும் கீழ போய் நிக்கோம். லாரி எங்க தலைக்கு மேல போகட்டும். விழுந்தா, வீடு காலி. நீங்க சொன்ன மாதிரியே."

"என்னங்க இது, வெளையாட்டா? ஏதாச்சும் ஆனா பொறுப்பு யாரு?"

"லாரி நிறுத்த எடம்னு எழுதுனவருதான சார்?"

கஸ்பாரும் கித்தேரியும் இறங்கினார்கள். பின்னாலேயே தெருவில் பாதிப் பேர் இறங்கினார்கள், யாரும் கூப்பிடாமல். ரெய்மண்டு படியில் கயிற்றைப் பிடித்தபடி நின்றான்.

மேலே லாரி உறுமியது. கஸ்பார் மாதா மன்றாட்டை மறுபடி ஆரம்பித்தான். அது லாரிக்காரருக்காக என்று கித்தேரியிடம் சொன்னான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் தலைக்கு நேரே வந்து, நின்றது. வன்னியபெருமாள் வேண்டுமென்றே அங்கேயே நிறுத்திவிட்டார். கூரையிலிருந்து ஒரு துளி மண்கூட விழவில்லை.

படியில் செருப்பில்லாத கால்கள் தெரிந்தன. கிருபாநிதி பூட்ஸைக் கழற்றிவிட்டு இறங்கியிருந்தார். கூரையில் உள்ளங்கையை வைத்தார். லாரி மறுபடி உறுமி நகர்கிற வரைக்கும் கையை எடுக்கவில்லை.

வெளியே வந்து ஜீப் முகப்பில் பைலை விரித்தார். "கட்டுமானம் உறுதியா இருக்குன்னு எழுதுதேன். ஆனா உள்ளதச் சொல்லுதேன் அண்ணாச்சி, எடம் வேணும்னு நெனச்சுட்டாங்க. அடுத்து வேற காரணம் சொல்லி வரும்."

"வரட்டும் சார்," என்றாள் கித்தேரி. "அதுக்குள்ளயும் எறங்கிப் பாப்போம்."

அவர் எழுதினார். தெருவே சுற்றி நின்று பார்த்தது. படிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசித்தார்கள். கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் ஜீப்புக்கு வழி விட்டார்கள்.