மைனஸ் பன்னிரண்டு வோல்ட்

அந்த ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்காரனுக்குப் பொறுமை போய்விட்டது. சாப்பாட்டு மேசை முழுக்கக் கம்பிகளும் திருகாணிகளும் இறைந்து கிடந்தன. நடுவில் கையகலப் பச்சைப் பலகை ஒன்று. பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியின் மின்சாரப் பகுதி அது. ஒரு பக்கம் பிளஸ் பன்னிரண்டு வோல்ட்டும் மறுபக்கம் மைனஸ் பன்னிரண்டு வோல்ட்டும் அது கொடுக்க வேண்டும். பிளஸ் பக்கம் சொன்ன பேச்சைக் கேட்டது. மைனஸ் பக்கம் நாலைத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடித்தது.

அவன் பார்க்காத வைத்தியமில்லை. ஒலி எழுப்பும் பலகைதான் மின்சாரத்தை அதிகமாக இழுக்கிறதோ என்று அதைக் கழற்றிவிட்டு அளந்தான், அப்போதும் நாலுதான். ஆக, கோளாறு மின்சாரப் பலகையிலேயே இருந்தது. வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரைப் பிடுங்கிப் புதிதாக ஒன்றை வைத்தான். அதுவும் கை வைக்க முடியாமல் சுட்டதே தவிர மசியவில்லை. தன் கை ராசியில்லாத கை என்று முடிவு கட்டிவிட்டான்.

விவரம் கேட்க ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரைக் கேட்பதில்தான் சங்கடம்.

அவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். அக்காவின் கணவராக இருந்தவர். போன வருஷம் விவாகரத்து ஆகிவிட்டது. கூச்சல், சண்டை என்று எதுவுமில்லை. இருவரும் பேசிக்கொள்வது கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோயிற்று, அவ்வளவுதான். சிந்தசைசரை மாமனும் மச்சானும் சேர்ந்துதான் வாங்கினார்கள். சனிக்கிழமைகளில் ஒருவர் பலகையைப் பிடித்துக்கொள்ள மற்றவர் ஈயம் உருக்கிப் பற்றவைப்பார். வாத்தியார் வீட்டைவிட்டுப் போனபோது வேலை பாதியில் நின்றது. அதன்பின் மருந்துக்கடைக்காரன் அவரோடு பேசவில்லை. ‘மாமா’ என்றால் கூடப் பிறந்தவளுக்குச் செய்யும் துரோகம்போல் இருந்தது. ‘சார்’ என்று கூப்பிட வாய் கூசியது.

கடைசியில் போனை எடுத்தான். எந்த முறையும் வைக்காமல், “நான்தான்” என்று ஆரம்பித்து மொத்தத்தையும் கொட்டினான். எதைக் கழற்றி அளந்தான், எது சுடுகிறது என்று வாத்தியார் நிதானமாக விசாரித்தார். எதிர்பாராத விதமாக, “கரண்ட்டை நிறுத்திடு. நான் வர்றேன்” என்றார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அக்கா டூட்டிக்குப் போயிருப்பதை இவன் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

வந்தவர், தான் வருஷக்கணக்காக வாழ்ந்த வீட்டில், உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டே இருந்தார். மருந்துக்கடைக்காரன் அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டான். நல்லவேளை, வேலை இருந்தது. கொஞ்ச நேரம் மின்சாரம் கொடுத்துப் பார்த்து நிறுத்தினார்கள். வாத்தியார் ஒவ்வொரு பாகமாக விரலால் தொட்டுக்கொண்டே வந்து, மைனஸ் பக்கத்தில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் ஒரு குட்டிக் கெப்பாசிட்டரில் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். அது சுடவேண்டிய பொருளே அல்ல.

மருந்துக்கடைக்காரன் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தான். அதற்கு ஒரு பிளஸ் கால், ஒரு மைனஸ் கால். பிளஸ் பக்கத்தில் மைனஸ் கால்தான் பூஜ்ஜிய வோல்ட் கம்பிக்குப் போகவேண்டும். மைனஸ் பக்கத்தில் அப்படியே மாறி, பிளஸ் கால் போகவேண்டும். இங்கேயோ இரண்டு பக்கத்துக் கெப்பாசிட்டர்களும் ஒரே திசையைப் பார்த்து நின்றன.

“தலைகீழா வச்சிருக்கு” என்றான்.

“நான்தான் வச்சிருப்பேன். ரெண்டும் ஒண்ணு போலத்தான் நிக்கணும்னு நினைச்சிருப்பேன்.”

“இல்ல மாமா, இந்த வரிசை நான் வச்சது.”

முறை தானாக வாயில் வந்துவிட்டது. வாத்தியார் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்தது. யார் வைத்தது என்று கடைசிவரை இருவருக்கும் நினைவு வரவில்லை.

புதுக் கெப்பாசிட்டரைத் திருப்பி வைத்து அளந்தபோது மைனஸ் பக்கமும் பன்னிரண்டைத் தொட்டது. ஒலிப் பலகையை மாட்டி ஸ்பீக்கரோடு இணைத்தார்கள். யாரோ வாய் கொப்பளிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. இருவரும் குழந்தைகள்போல் சிரித்துக்கொண்டிருக்கையில் வாசலில் அக்கா நின்றாள். கூட வேலை செய்யும் தோழி ஒருத்தி சீக்கிரமே வந்து அவளை டூட்டியிலிருந்து விடுவித்திருந்தாள்.

வாத்தியார் எழுந்துவிட்டார். இயந்திரம் மட்டும் கூச்சமில்லாமல் கொப்பளித்துக்கொண்டே இருந்தது. அக்கா பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

“இந்தச் சத்தத்துக்காகவா ஒரு வருஷமா என் மேசையை அடைச்சு வச்சிருக்கீங்க?” என்றாள்.

மருந்துக்கடைக்காரன் ஸ்விட்சை அணைத்தான். வாத்தியார் கிளம்புவதாகச் சொல்லிச் செருப்பை மாட்டினார். அக்கா அவரை இருக்கச் சொல்லவில்லை. படியிறங்கும்போதுதான் கேட்டாள்: “அத்தை எப்படி இருக்காங்க?”

“முட்டிதான் படுத்துது. உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க.”

“நான் போன் பண்றேன்னு சொல்லுங்க.”

அவர் போனபின், கூப்பிடுவதானால் முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று தம்பியைக் கடிந்துகொண்டாள். திடுதிப்பென்று பார்த்ததும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லையாம். ஆனால் இனிமேல் கூப்பிடாதே என்று சொல்லவில்லை.

மீதி வேலை சனிக்கிழமைகளில் நடந்தது. சில நாள் அக்கா வீட்டில் இருப்பாள், சில நாள் இருக்க மாட்டாள். பிரிந்தவர்கள் பிரிந்தவர்களாகவே இருந்தார்கள். சேர்த்துவைக்க மருந்துக்கடைக்காரனும் முயலவில்லை. ஆனால் வாத்தியாரின் அம்மாவுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை நடந்தபோது, அக்கா லீவு போட்டுவிட்டு, அந்த அம்மாள் வீடு திரும்பும்வரை ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தாள்.