தகட்டோடு ஒரு படம்

ஆய்வகத்தில் மாமனாருக்குப் பட்டப்பெயர் சிகரம். வரைபடத்தில் கோடு லேசாகத் தலைதூக்கினால் மற்றவர்கள் 'பீக்' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அவரோ 'சிகரம்! சிகரம்!' என்று ஊரைக் கூட்டுவார். துறைத்தலைவர் ஆயிற்றே, எல்லாரும் எட்டிப் பார்த்துத் தலையாட்டுவார்கள். மாப்பிள்ளை இரண்டு மடங்கு ஆட்ட வேண்டும். வேலை அவர் கொடுத்தது, பெண்ணும் அவர் கொடுத்தது.

மாப்பிள்ளையின் ஆசை ஒன்றே ஒன்று. ஒரு கட்டுரையிலாவது தன் பெயர் முதலில் வர வேண்டும். வந்தால்தான் வேலை நிரந்தரமாகும். இதுவரை உழைப்பு அவனுடையது, முதலில் நிற்கும் பெயர் மாமனாருடையது. அவன் பெயர் ஓடும் பேருந்தின் படியில் தொற்றிக்கொண்டு வருபவனைப் போலக் கடைசியில் வரும்.

சோதனை இதுதான். ஹீலியம் அணுக்கருக்களை வேகமாக ஓட்டி, மெல்லிய கால்சியத் தகட்டில் மோதவிட வேண்டும். மோதுகிற ஹீலியம் ஒரு புரோட்டானைக் கொடுத்து, ஒரு நியூட்ரானை வாங்கிக்கொண்டு ஓடிவிடும். கால்சியம் ஸ்காண்டியமாக மாறித் துள்ளிக்கொண்டிருக்கும். ஓடியது எவ்வளவு ஆற்றலோடு ஓடியது என்று காந்தத்தில் வளைத்து அளந்தால் துள்ளல் எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு துள்ளல் நிலைக்கும் வரைபடத்தில் ஒரு சிகரம். தகடு மட்டும் வெற்றிட அறையை விட்டு வரக்கூடாது. காற்று பட்டால் கால்சியம் ஆக்ஸிஜனை இழுத்துப் போட்டுக்கொள்ளும்.

மாமனாருக்கு இது தெரியாதா? இதைப் பாடமாகவே எடுப்பார். ஆனால் ஆண்டறிக்கைக்குப் படம் எடுக்க ஆள் வந்தபோது, அறையின் கண்ணாடி வழியாகத் தகடு பளிச்சென்று விழவில்லை. "ஒரே நிமிஷம்தான்" என்று கதவைத் திறந்து, தகட்டுக்குப் பக்கத்தில் முகத்தை நீட்டி, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார். இடது பக்கம்தான் முகம் எடுப்பாக இருக்கும் என்று மறுபடி எடுக்கச் சொன்னார்.

மறுநாள் வரைபடத்தில் ஒரு புதிய சிகரம்.

"உலகத்துல யாருமே பார்க்காத நிலை, மாப்பிள்ளை!"

மாப்பிள்ளைக்கு முந்தின நாள் திறந்த கதவு நினைவுக்கு வந்தது. காந்தத்தைக் கொஞ்சம் திருப்பி, வேறு கோணத்தில் அளந்து பார்த்தான். ஸ்காண்டியத்தின் சிகரங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. புதுசு மட்டும் நகர்ந்தது. லேசான கருவென்றால் அடிபட்டதும் அதிகமாகப் பின்வாங்கும், அதனால் கோணத்துக்குக் கோணம் இடம் மாறும். சந்தேகமே இல்லை, ஆக்ஸிஜன்.

"மாமா, இது நகருது."

"கோணத்தை மாத்தினா கோணலாத்தான் தெரியும். நமக்கு ஒரு கோணம் போதும். வெளியில மூச்சு விடாதீங்க."

வீட்டில் நடந்ததைச் சொன்னதும் மனைவி கேட்டாள். "கதவைத் திறந்தது அப்பாதானே? நீங்க ஏன் திருட்டு முழி முழிக்கிறீங்க?" அவனுக்கு வெட்கமாக இருந்தது.

கருத்தரங்கில் மாமனார் அரை மணி நேரம் அளந்துவிட்டார். முடித்ததும் வேறொரு ஆய்வகத்துப் பேராசிரியை எழுந்து, "வேற கோணத்துல பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

மாமனார் கண்ணைக்கூட இமைக்கவில்லை. "இது முழுக்க என் மாப்பிள்ளையோட கண்டுபிடிப்பு. அவரே சொல்வார்."

இத்தனை வருஷமாகக் கிடைக்காத முதலிடம் இப்படியா கிடைக்க வேண்டும்! மாப்பிள்ளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று மேடை ஏறினான்.

"பார்த்தோம். நகருது. அது ஆக்ஸிஜன்."

"வெற்றிடத்துக்குள்ள ஆக்ஸிஜன் எப்படி வந்துச்சு?"

அவன் ஆண்டறிக்கைப் படத்தைத் திரையில் போட்டான். திறந்த கதவும் மாமனாரின் பல்வரிசையும் சுவர் அகலத்துக்குத் தெரிந்தன. அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது.

"இதை அவசியம் எழுதுங்க, நிறைய பேர் ஏமாறாம தப்பிப்பாங்க" என்றார் பேராசிரியை. "உங்க பேரு முதல்ல வரட்டும்."

அன்று அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ராப்பகலாக உட்கார்ந்து எழுதி, துறைத்தலைவரின் ஒப்புதலுக்கு மாமனார் மேஜையில் கொண்டுபோய் வைத்தான்.

திரும்பி வந்தபோது முதலில் மாமனார் பெயர் இருந்தது. அவன் பெயர் வழக்கமான இடத்தில் தொற்றிக்கொண்டிருந்தது.

"மாமா, இது..."

"என்ன மாப்பிள்ளை, விளையாடுறீங்களா?" மாமனாரின் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "காத்து பட்டா என்ன ஆகும்னு கதவைத் திறந்து சோதிச்சுப் பார்த்ததே நான்தானே! ஆதாரத்துக்குப் படம்கூட எடுத்து வெச்சிருக்கேனே!"