நூற்று முப்பது வோல்ட்

பொத்தானை அமுக்கினால் உள்ளே விசிறி ஒரு துடிப்பு துடித்துவிட்டு நின்றுவிடும். காலையிலிருந்து இதேதான்.

"கடைக்காரன் ஏமாத்திட்டான் மச்சான்," என்றான் ஓனிங். என் சித்தப்பா மகள் கிரேசலின் புருஷன். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த கில்மோர் தெருவில் பழைய பாகங்களாகப் பொறுக்கி, கம்ப்யூட்டரை அவனே கோர்த்திருந்தான். "அங்க ஜம்முனு ஓடுச்சு. வீட்டுக்கு வந்ததும் செத்துப்போச்சு."

"நீ தூக்கிட்டு வந்த லட்சணம் அப்படி. ஆட்டுக்குட்டி மாதிரி வண்டியில கட்டி இழுத்துட்டு வந்தா?" என்றாள் கிரேசல்.

மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே வீட்டு அரைக்கால் டவுசர். ஆஸ்திரேலியாவில் வீடு விற்கும் ஒருத்திக்கு இங்கிருந்தே கம்ப்யூட்டர் வழியாக ஃபோன் பேசும் வேலை. இன்று மதியம் முதல் நாள். நடுவில் ஒரு தடவை இணைப்பு அறுந்தாலும் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிடுவேன் என்று அந்த அம்மா முன்பே சொல்லியிருந்தாள்.

கால் சென்டரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ராத்திரி வேலையை நான் விட்டதிலிருந்து, சொந்தக்காரர் வீட்டில் எது படுத்தாலும் எனக்குத்தான் அழைப்பு. ரேம் என்கிற மெமரி அட்டையைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போட்டேன். பொத்தான் ஒயரைப் பிடுங்கிவிட்டு, அது செருகியிருந்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் தொட்டேன். அதே துடிப்பு. இரும்புப் பெட்டியில் முழங்கை பட்டதும் சுர்ரென்றது.

"பிளக்குல எர்த்துக்கு இருக்கிற மூணாவது காலை ஒடிச்சியா?"

"நம்ம சுவத்துல ரெண்டு ஓட்டைதானே மச்சான். ஊர்ல எல்லாரும் ஒடிக்கிறதுதான்."

வோல்ட் பார்க்கும் மீட்டரைச் சுவர் ஓட்டையில் செருகினேன். நூற்று முப்பது. இருநூற்று முப்பது இருக்க வேண்டிய இடத்தில்.

கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை. இந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் பக்கத்து வீட்டு தெலோவிடமிருந்துதான் ஒயர் போட்டுக் கரண்டு இழுத்திருந்தார்கள். தெலோ ஐஸ் விற்பவர். ஏப்ரல் வெயிலில் அவருடைய நான்கு ஐஸ் பெட்டிகளும் ஓயாமல் உறுமும். அவை தின்றது போக மிச்சம்தான் மற்றவர்களுக்கு.

போய்க் கேட்டேன். கொஞ்ச நேரம் நிறுத்தி வையுங்கள் மாமா என்று.

"ஏப்ரல்ல ஐஸ் பெட்டிய நிறுத்தச் சொல்றியா? நாளைக்கு மூச்சை நிறுத்தச் சொல்லுவே. போ தம்பி."

திரும்பி வந்தபோது ஓனிங் கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் குனிந்திருந்தான். பவர் சப்ளையில் ஒரு சிறிய சிவப்பு ஸ்விட்ச்.

"இதுல 115னு இருக்கே, என்ன மச்சான்?"

"தொடாதே. அது அமெரிக்காக் கரண்டுக்கு."

"இப்ப அதுல போட்டா ஓடுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஓடும். கரண்டு ஏறினா வெடிக்கும்."

"எப்ப ஏறும்?"

"தெலோ பெட்டிகளை நிறுத்தினா."

"அவருதான் நிறுத்த மாட்டாரே. நீதானே கேட்டுட்டு வந்தே?"

கிரேசல் என்னைப் பார்க்கவில்லை. "போடுங்க," என்றாள் அவனிடம்.

விசிறி சுற்றியது. திரை வந்தது. ஓனிங் என் முதுகில் ஓங்கித் தட்டினான்.

கிரேசல் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இங்கிலீஷில் பேச ஆரம்பித்தாள். எங்களிடம் ஒருநாளும் காட்டாத குரல். திரையில் அந்த ஆஸ்திரேலியா அம்மா சிரித்தாள். நான் மீட்டரை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு உறுமல் சுவர் வழியாக வந்தது. அது நிற்காமல் இருந்தால் போதும்.

கொஞ்ச நேரத்தில் எண் மாறியது. நூற்றைம்பது.

வாசலில் தெலோ. கை ஈரம். முகமெல்லாம் சிரிப்பு.

"மனசு கேக்கல தம்பி. பொண்ணுக்கு முதல் நாள் வேலையாமே. ரெண்டை நிறுத்திட்டேன்."

"மாமா, போய் மறுபடி போடுங்க! உடனே!"

"வெக்கப்படாதே. மத்த ரெண்டையும் என் சம்சாரம் பிடுங்கிட்டிருக்கா."

"ஐயோ, வேணாம்னு சொல்லுங்க!"

"ஐஸ்தானே. உருகினா தண்ணி. அதுக்கு ஏன் இப்படிக் கத்துறே?"

நூற்றெண்பது. கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளிருந்து மெல்லிய கீச்சொலி. அழுகிய மீன் போல ஒரு நாற்றம் கிளம்பியது. நான் பிளக்கை நோக்கிப் போனேன். ஓனிங் குறுக்கே நின்றான். "தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்."

கிரேசல் பேச்சை நிறுத்தாமல் என்னிடம் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். ஒரு நிமிஷம். அவள் முழங்கால் அந்தப் பெட்டியில் ஒட்டியிருந்தது.

பக்கத்து வீட்டு உறுமல் அடங்கியது.

ஓனிங்கைத் தள்ளிவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினேன்.

இருண்ட திரையைப் பார்த்து கிரேசல் இன்னும் அரை வாக்கியம் பேசினாள். யாரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை.

ஸ்விட்சைப் பழைய பக்கம் தள்ளி, பிளக்கைச் செருகிப் பொத்தானை அமுக்கினேன். முதல் அமுக்கிலேயே எழுந்தது. இப்போது கரண்டு சரியாக இருந்தது.

தெலோ கைதட்டினார். "பாத்தியா? நிறுத்தினதும் ஓடுது!"

கிரேசல் அந்த அழைப்புக்குள் திரும்பப் போகப் பார்த்தாள். சந்திப்பு முடிந்துவிட்டது என்று திரை சொன்னது. மறுபடி தட்டினாள். அதையே சொன்னது. ஹெட்போனைக் கழற்றாமல், மறுபடியும் தட்டினாள்.