தொழில்பாஷை

மகள் பேனாவை மூடி மேசையிலேயே வைத்துவிட்டாள்.

“கையெழுத்துப் போடும்மா, உடம்பை எடுத்துட்டுப் போகலாம்.” சவக்கிடங்கு கிளார்க் மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

தாளில் ஒரே வரி. ‘பிரிவினைவாதி ஒருவரின் உடலைப் பெற்றுக்கொண்டேன்.’ ஒன்பது வருடம் சிறையில் இருந்து, இன்று காலை சிறை ஆஸ்பத்திரியில் செத்துப்போன அப்பாவுக்குப் பெயர்கூட இல்லை. கோபத்தில் அவளுக்கு அழுகை வரவில்லை.

“இத அடிச்சுட்டு, பேரைப் போட்டு, தையல்காரர்னு எழுதுங்க.”

“மேலேர்ந்து வந்த வார்த்தைம்மா. எனக்கே அர்த்தம் தெரியாது.”

கோர்ட்டிலும் அப்பாவிடம் அர்த்தம் கேட்டார்கள். தனிநாடு கேட்டவர்களுக்குக் கொடி தைத்துக் கொடுத்ததுதான் வழக்கு. “மூச்சு முட்டற சட்டையப் பிரிச்சுத்தான் தைக்கணும், ஐயா” என்று தொழில்பாஷையில் சொல்லிவைத்தார். அதையே ஒப்புதல் வாக்குமூலம் ஆக்கிவிட்டார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தாள்.

“கல்யாணமான நாள்லேர்ந்து அந்த மனுஷன் என்னை விட்டு ஒரு நாள் பிரிஞ்சதில்ல. பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போனாக்கூட சாயங்காலம் வந்து நிப்பாரு. எங்களை ஒன்பது வருஷம் பிரிச்சு வெச்சது யாருங்க? அவங்க பேருக்கு முன்னாடி எழுதுங்க இந்த வார்த்தைய.”

“என் வேலை போயிடும்மா.”

“அப்ப நாங்க இங்கேயே இருக்கோம்.”

இருவரும் உட்கார்ந்தார்கள். மதியம் தாண்டியது. கிளார்க் இரண்டு முறை யாருக்கோ போன் செய்தார். பிறகு தாளை மகள் பக்கம் நகர்த்தி, அவள் முகத்தைப் பார்க்காமல் எழுந்தார்.

“டீ குடிச்சுட்டு வரேன். வரும்போது கையெழுத்து இருந்தாப் போதும். மேல என்ன இருக்குன்னு நான் பாக்கப்போறதில்ல.”

அவள் அந்த வார்த்தையைத் தாள் கிழியும் அளவுக்கு அடித்தாள். அப்பாவின் பெயரை எழுதினாள். தையல்காரர் என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.

உள்ளே, உடம்பு வீங்கியிருந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த சட்டை, அவரே தனக்குத் தைத்துக்கொண்டது, தோளைத் தாண்டி ஏறவில்லை.

அம்மா கைப்பையிலிருந்து பிளேடை எடுத்து நீட்டினாள்.

“முதுகுத் தையலைப் பிரிடி.”

பிளேடை வைத்து இழுத்தாள். நூல் அறுபடவில்லை. அப்பா இரட்டைத் தையல் போட்டிருந்தார்.