பின் விங்கை இறக்கியவள்

போன சீசன் கோப்பையை சுஃபியான் தூக்கிப் பிடித்தபோது, காரை இவ்வளவு நன்றாக யார் ட்யூன் செய்தது என்று நஜ்முதீன் அங்கிள் கேட்டார். அமெரிக்காவில், டெக்சாஸின் பிளானோவில் அவர் வீட்டு மாடியில்தான் சனிக்கிழமைதோறும் அசர் தொழுகை முடிந்து கார் பந்தய வீடியோ கேம் நடக்கும்.

"நானேதான் அங்கிள்."

"ஹஃப்சா ஹெல்ப் பண்ணுச்சுன்னாங்களே?"

"அவளா? அவளுக்கு விங்னா சிக்கன் விங்தான் தெரியும்."

அறையே சிரித்தது. ஹஃப்சாவும் சிரித்து வைத்தாள். அண்ணனைக் காக்கா என்று கூப்பிடும் கீழக்கரைக் குடும்பம் அவர்களுடையது. பெரியம்மா மகன் சுஃபியானைக் காக்கா காக்கா என்று சுற்றி வளர்ந்தவள் அவள். அந்தக் காரின் ஒவ்வோர் அளவும் அவள் வைத்தது.

அன்று முதல் அவளுக்கு ஒரே எண்ணம்: அது அவளுடைய செட்டப் என்று அதே அறையில் அவன் வாயாலேயே வர வேண்டும். எப்படி வரவழைப்பது என்றும் தெரியும். தோற்றால் பழியை அடுத்தவர் தலையில் போடாமல் அவனுக்கு மூச்சு வராது.

இந்த சீசன் ஃபைனலுக்கு முன்பு அவனே மெசேஜ் அனுப்பினான். "செட்டப் அனுப்பும்மா. யார்கிட்டயும் சொல்லாதே."

ஹஃப்சா கணினி முன் உட்கார்ந்தாள். வேகம் கூடக்கூடக் காற்று காரைத் தரையோடு அழுத்தும். முன்பக்கத் தகடு மூக்கை அழுத்தும், பின்னால் இறக்கை மாதிரி நிற்கும் விங் வாலை அழுத்தும். மெதுவாகப் போகும்போது இரண்டுக்கும் வேலை குறைவு. அவள் முன் அழுத்தத்தை ஏற்றினாள், பின் விங்கை இறக்கினாள். சின்ன வளைவுகளில் கார் சொன்ன பேச்சைக் கேட்டது. நீண்ட வேகவளைவில் மூக்கு பிடித்துக்கொள்ள, வால் பிய்த்துக்கொண்டு போனது. தற்செயலோ என்று சந்தேகம் வந்து மறுபடி ஓட்டினாள். மறுபடியும் சுழன்றது.

காக்கா கண்டுபிடித்துவிட்டால்? அவன் எப்போதும் குறுகலான பயிற்சித் தடத்தில், ஒரு கையில் போனோடு, ஒரே ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பவன். அங்கே வேகமே கிடையாது. இது துரோகமோ என்று ஒரு கணம் தோன்றியது. அந்தச் சிரிப்பு காதில் கேட்டது. அனுப்பிவிட்டாள்.

"செமையா திரும்புது," என்று பதில் வந்தது.

ஃபைனலில் தொடக்கத்தில் சுஃபியான்தான் முதலிடத்தில் போனான். நேர்பாதை முடிந்து வேகவளைவு வந்தது. ஸ்டீயரிங்கை லேசாகத்தான் திருப்பினான். வால் வெளியே போய், கார் சுழன்று சுவரில் மோதியது. அடுத்த சுற்றிலும் அதே இடம், அதே சுவர். கடைசியாக வந்தான்.

"சாம்பியன் பம்பரம் விடுறாருப்பா," என்றான் அங்கிளின் மகன் முஸ்அப்.

சுஃபியான் ஹெட்போனைக் கழற்றி எறிந்தான். "என் டிரைவிங் கரெக்ட்டுதான். ஹஃப்சா குடுத்த செட்டப்தான் குப்பை."



"நீயேதானே ட்யூன் பண்றேன்னு சொன்னே?" என்றார் அங்கிள்.

"இந்தத் தடவை மட்டும்தான் அங்கிள்."

"போன தடவையும் நான்தான்," என்றாள் ஹஃப்சா. "அப்ப பின் விங் எவ்வளவு இருந்துச்சுன்னு காக்காகிட்ட கேளுங்க."

அவன் போனை எடுத்து அவளுடைய பழைய மெசேஜைத் தேடினான்.

"எந்திரிங்க காக்கா. அதே கார்தான், விங்கை மட்டும் ஏத்துறேன்."

சுஃபியான் எழுந்து இடம் விட்டான். வேகவளைவில் அவள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவேயில்லை; வால் தரையோடு ஒட்டியே வந்தது. அவன் பார்க்கட்டும் என்று இன்னொரு சுற்றும் ஓட்டினாள்.