எடுத்ததா வச்சுக்குங்க

"ஆமா" என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் என் தம்பி அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடலாம். கேபிள் கிடங்கில் காவலாளியாக இருந்தவன் செம்புக் கம்பியைத் திருடி விற்றான் என்று வழக்கு. பல மாதமாகச் சிறையில் கிடந்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டால், இதுவரை உள்ளே இருந்ததையே தண்டனையாகக் கழித்து விட்டுவிடுவார்கள் என்று வக்கீலம்மா பேசி முடித்திருந்தார். விசாரணைதான் வேண்டும் என்றால் அது எப்போது முடியுமோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

சிறையில் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லியிருந்தேன். "எடுத்தியான்னு கேட்டா ஆமான்னு சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத." அவனும் தலையாட்டினான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கும் சேர்த்து நான்தான் பேசுவேன். அவன் வாய் சாப்பிட மட்டும்தான்.

கோர்ட்டில் நீதிபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். விசாரணை கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு, தெரியுமா? தெரியும். ஒத்துக்கிட்டா அப்புறம் மேல்முறையீடு கிடையாது, புரியுதா? புரியுது. யாராவது மிரட்டினாங்களா, ஆசை காட்டினாங்களா? இல்ல.

"கம்பிய எடுத்தது நீங்கதானா?"

தம்பி தன் காலைப் பார்த்தான். "எடுத்ததா வச்சுக்குங்கய்யா."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "நானா ஒண்ண வச்சுக்க முடியாது. எடுத்தீங்களா, இல்லையா?"

"நீங்க எப்படிச் சொன்னாலும் சரிங்கய்யா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிறானே! என்னையும் மீறி எழுந்துவிட்டேன்.

"ஆமான்னு சொல்லித் தொலையேன்டா!"

அறையே என்னைத் திரும்பிப் பார்த்தது. நீதிபதி கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"அந்தம்மா வெளிய இருக்கட்டும். அரசு வக்கீல், போலீஸ், எல்லாரும்தான். இவரோட வக்கீல் மட்டும் இருக்கலாம். நான் இவர்கிட்டத் தனியாக் கேக்கணும்."

கதவைச் சாத்திவிட்டார்கள். தாழ்வாரத்தில் பெஞ்சு கிடந்தது, எனக்கு உட்காரத் தோன்றவில்லை. இந்த மனுஷனுக்கு என்ன வந்தது, ஒரு கையெழுத்தைப் போட்டு அனுப்ப வேண்டியதுதானே என்று நீதிபதியை மனசார வைதேன். கதவில் காதை வைத்தேன். போலீஸ்காரர் தள்ளி நிற்கச் சொன்னார். காலையில்தான் அவன் கட்டிலில் துவைத்த விரிப்பைப் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. வக்கீலம்மா முதலில் வந்தார்.

"ஒப்பந்தத்த ஐயா ஏத்துக்கல. இனி விசாரணைதான். அவர் ஒத்துக்க வந்தத அவருக்கு எதிரா யாரும் சாட்சியாக் காட்ட முடியாது, பயப்படாதீங்க. ஜாமீனுக்கு மறுபடி மனு போடுறேன்."

பின்னாலேயே தம்பி வந்தான், கையில் விலங்கோடு. அழுதிருந்தான். ஆனால் தலை நிமிர்ந்திருந்தது.

"பாவி! உள்ள போய் என்னடா சொன்ன?"

"நான் எடுக்கலன்னு சொன்னேன்."

"இத்தன மாசத்துல எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியாடா?"

போலீஸ்காரர் அவன் தோளைப் பிடித்து வண்டிப் பக்கம் திருப்பினார். இரண்டடி போனவன் நின்று என்னைப் பார்த்தான்.

"அவரு எடுத்தீங்களான்னு கேட்டாருக்கா. நீ கேக்கவே இல்லையே."